சைரஸின் கிளர்ச்சி: நான்கு சாட்சிகளில் யாரை முன்னால் நிறுத்துவது?

எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேச வேண்டியது நான். தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்: பாரசீகர்கள் மீடியர்களின் ஆட்சியைக் கவிழ்த்த கதை. கி.மு. 550 வாக்கில் பாரசீகப் பகுதியான அன்ஷானின் அரசன் சைரஸ், மீடிய மன்னன் அஸ்டியாஜஸைச் சிறைபிடித்து, அவனுடைய தலைநகரான எக்பட்டனாவுக்குள் நுழைந்தான். இன்றைய ஈரானில் ஹமதான் என்று வழங்கும் ஊர் அது. அதுவரை அக்கம்பக்கத்துப் பேரரசுகள் பெரிதாகப் பொருட்படுத்தாத ஒரு மலைநாட்டு அரசு, அடுத்த பதினோரு ஆண்டுகளுக்குள் இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லிடியாவையும் பாபிலோனையும் தன்வசமாக்கியது. எல்லாம் தொடங்கிய இடம் அந்த ஒரு வெற்றிதான்.

தலைப்பு கைக்கு வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர். ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒத்துப்போவதில்லை. சைரஸ் அஸ்டியாஜஸின் பேரன் என்கிறார் ஒருவர். ஆடு மேய்ப்பவளின் மகன் என்கிறார் இன்னொருவர். கிளர்ச்சி என்ற ஒன்றே நடக்காததுபோல எழுதுகிறார் மூன்றாமவர். நான்காவது சாட்சி மனிதரல்ல, சுட்ட களிமண். ஒரு மணி நேரத்தில் நால்வரையும் சரிசமமாகப் பேசவிட்டால் கேட்பவர்கள் குழப்பத்தோடுதான் எழுந்து போவார்கள். ஒருவரை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, மற்றவர்களைத் தேவையான இடத்தில் மட்டும் அழைக்க வேண்டும். யாரை வைப்பது என்று பல நாள் யோசித்தேன்.

ஹெரோடோட்டஸ்

என் மனம் முதலில் சாய்ந்தது கிரேக்க வரலாற்றாசிரியரான இவர் பக்கம்தான். அவர் சொல்லும் கதையில் விட்டுவிட மனம் வராத காட்சிகள் எத்தனையோ. அஸ்டியாஜஸ் கனவு காண்கிறான்: தன் மகள் மண்டானேயின் உடலிலிருந்து ஒரு திராட்சைக்கொடி முளைத்து ஆசியா முழுவதையும் மூடுகிறது. அவளுக்குப் பிறக்கும் பிள்ளை தன் அரியணையைப் பறிப்பான் என்று மாகி பூசாரிகள் பலன் சொல்கிறார்கள். குழந்தையைக் கொன்றுவிடும்படி உறவினன் ஹார்பகஸிடம் கொடுக்கிறான். ஹார்பகஸ் அதை ஒரு மாட்டிடையனிடம் தள்ளிவிடுகிறான். இடையனின் மனைவிக்கு அன்றுதான் குழந்தை இறந்தே பிறந்திருக்கிறது. குழந்தைகள் மாறுகின்றன, சைரஸ் பிழைக்கிறான். பத்து வயதில், விளையாட்டில் அரசனாக நின்று பெரிய வீட்டுப் பையனைச் சவுக்கால் அடித்தபோது உண்மை வெளிப்படுகிறது. பேரனை விட்டுவிட்ட அஸ்டியாஜஸ், ஏமாற்றிய ஹார்பகஸுக்குக் கொடுத்த தண்டனை சொல்லவே கூசுவது: அவனுடைய மகனைக் கொன்று, சமைத்து, அவனுக்கே விருந்து வைத்தான்.

ஹார்பகஸ் அன்று ஒன்றும் பேசவில்லை. மிச்சத்தை வாரி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஆண்டுகள் கழித்து, பாதைகள் எல்லாம் காவலில் இருந்தபோது, ஒரு முயலின் வயிற்றைக் கீறி, மயிர் கலையாமல் உள்ளே ஒரு கடிதத்தை வைத்துத் தைத்து, வேட்டைக்காரன் வேடத்தில் வலையும் கையுமாகப் போன ஆள் வழியாகப் பாரசீகத்தில் இருந்த சைரஸுக்கு அனுப்பினான். முயலை நீயே உன் கையால் அறு, பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம் என்பது சொல்லியனுப்பிய செய்தி.

அடுத்து வரும் இரண்டு நாள் காட்சி எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. சைரஸ் பாரசீகக் குலத்தாரை அரிவாளோடு வரச் சொல்கிறான். பக்கத்துக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் முட்காடு ஒன்றைக் காட்டி, இதை இன்றைக்குள் வெட்டித் துப்புரவாக்குங்கள் என்கிறான். வெட்டுகிறார்கள். மறுநாள் குளித்துவிட்டு வரச் சொல்கிறான். தன் தந்தையின் ஆடு மாடுகளை எல்லாம் அறுத்து, ஒயினும் நல்ல உணவுமாகப் புல்வெளியில் அவர்களை உட்காரவைத்துப் பரிமாறுகிறான். சாப்பிட்டு முடித்தவர்களிடம் ஒரே கேள்வி: நேற்றைய நாள் பிடித்ததா, இன்றைய நாளா? அடிமைத்தனம் என்ற சொல்லைக் காதால் கேட்பது வேறு. முள் கீறிய கையோடு மறுநாள் விருந்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு கூட்டம் ஏன் ஆயுதம் எடுத்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு பத்தியை நான் படித்ததில்லை.

ஆனாலும் இவர் எழுதியது நிகழ்ச்சி நடந்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. சைரஸைப் பற்றி வேறு மூன்று விதமாகவும் சொல்ல முடியும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மிகைப்படுத்தாமல் சொல்லும் பாரசீகர்கள் கூறியதைத் தேர்ந்தெடுத்தேன் என்கிறார். அப்படித் தேர்ந்த கதையிலேயே கனவும் கைவிடப்பட்ட குழந்தையும் இருந்தால், விட்ட மூன்றும் எப்படி இருந்திருக்கும்? ஆற்றிலோ காட்டிலோ விடப்பட்ட குழந்தை அரசனாகும் கதை அந்த மண்ணில் மிகப் பழையது. அக்காடின் மன்னன் சார்கோனைப் பற்றி மெசபொத்தேமியாவில் இதே வார்ப்பில் ஒரு கதை வழங்கியது. ஹார்பகஸுக்கு இந்தக் கதையில் இவ்வளவு பெரிய இடம் எப்படி வந்தது என்பதும் யோசிக்க வேண்டியது. அவன் பின்னாளில் சைரஸுக்காக இன்றைய துருக்கியில் இருந்த அயோனிய நகரங்களையும் லிசியாவையும் வென்றவன். லிசியாவின் ஆளும் குடும்பத்தில் அந்தப் பெயர் பிறகும் தொடர்ந்தது. அந்தக் குடும்பத்தார் தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லிவந்தது ஹெரோடோட்டஸின் காதை எட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

அதே ஹெரோடோட்டஸ் போகிற போக்கில் ஒரு எண்ணைச் சொல்கிறார்: அஸ்டியாஜஸ் ஆண்டது 35 ஆண்டுகள். அவனுடைய தந்தை சியாக்சரஸ் லிடியர்களோடு போரிட்டபோது பகல் இருண்டது என்ற செய்தியும் இவரிடம் உண்டு. அந்தச் சூரிய கிரகணத்தைப் பெரும்பாலோர் கி.மு. 585 மே 28 என்று கணிக்கிறார்கள். சியாக்சரஸ் அதையொட்டி இறந்தான் என்று கொண்டு, 585இலிருந்து 35ஐக் கழித்துப் பாருங்கள், 550 வந்து நிற்கிறது. கதையில் எவ்வளவு புனைவு இருந்தாலும் அடியில் திடமான ஏதோ ஒன்று கிடக்கிறது.

தெசியாஸ்

இவர் கிரேக்க மருத்துவர். இரண்டாம் அர்த்தசெர்க்சஸ் மன்னனின் அரண்மனையிலேயே வாழ்ந்தவர். பாரசீகத்தைப் பற்றி 23 பகுதிகள் கொண்ட நூலை எழுதி, ஹெரோடோட்டஸைப் பொய்யர் என்று சாடியவர். உள்ளேயிருந்து எழுதியவர் என்பதால் இவரையே முன்னால் நிறுத்தலாம் என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. 9ஆம் நூற்றாண்டில் ஃபோட்டியஸ் என்ற பைசாந்தியர் எழுதிவைத்த சுருக்கம் இருக்கிறது. டமாஸ்கஸின் நிக்கலாஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் இவரைத் தழுவி எழுதியதாகக் கருதப்படும் நீண்ட பகுதியும் பிற்காலத் தொகுப்பு ஒன்றில் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆக, தெசியாஸின் குரல் நமக்கு வேறு பலரின் வாய் வழியாகத்தான் வருகிறது.

அதில் சைரஸ் அரச குலத்தவனே அல்லன். மார்டி குலத்தைச் சேர்ந்த வழிப்பறிக்காரன் ஒருவனுக்கும் ஆடு மேய்க்கும் பெண்ணுக்கும் பிறந்தவன். அஸ்டியாஜஸின் அரண்மனையில் பெருக்குகிற வேலையில் சேர்ந்து, படிப்படியாக மன்னனுக்குக் கிண்ணம் ஏந்துபவனாக உயர்கிறான். தந்தைக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்புக் கேட்டு ஊருக்குப் போகிறான். அவன் போன பிறகு விருந்தில் ஒரு பெண் பாடுகிறாள்: கைக்குள் இருந்த காட்டுப்பன்றியைச் சிங்கம் அதன் குகைக்கே போகவிட்டதாம், அங்கே அது பலம் பெற்று வந்து சிங்கத்தையே வெல்லப்போகிறதாம். அஸ்டியாஜஸுக்குச் சட்டென்று புரிகிறது. குதிரைவீரர்களை அனுப்புகிறான். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

தெசியாஸ் வழி வந்த இந்தக் கதையில் நான் மதிப்பது போரின் போக்கை. ஹெரோடோட்டஸிடம் மீடியப் படை முதல் சண்டையிலேயே கட்சி மாறிவிடுகிறது. இங்கே பாரசீகர்கள் தோற்கிறார்கள், பின்வாங்குகிறார்கள், பசர்காடே மலைகளில் குடும்பங்களோடு ஒதுங்குகிறார்கள். ஓடிவரும் ஆண்களைப் பெண்கள் வழிமறிக்கிறார்கள். ஆடையைத் தூக்கிக் காட்டி, எங்கே ஓடுகிறீர்கள், பிறந்த வயிற்றுக்குள் திரும்பவும் நுழையப் போகிறீர்களா என்று கேட்கிறார்கள். ஆண்கள் வெட்கித் திரும்பிப் போய்ப் போரிட்டு வெல்கிறார்கள். அதன் நினைவாகப் பாரசீக மன்னர் பசர்காடேவுக்குள் நுழையும்போதெல்லாம் அங்குள்ள பெண்களுக்குப் பொன் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டதாம்.

வெறும் கதை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்தப் பொன் வழக்கத்தைப் புளூட்டார்க்கும் சொல்கிறார். ஓகஸ் என்ற மன்னன் அந்தச் செலவுக்குப் பயந்து தன் தாய்மண்ணுக்கே வராமல் இருந்தான் என்றும், பிறகு வந்த அலெக்சாந்தர் அந்தப் பொன்னைக் கொடுத்தான் என்றும் எழுதுகிறார். சைரஸ் அஸ்டியாஜஸைக் கடைசிப் போரில் வென்ற இடம் என்பதால்தான் பசர்காடேவில் நகரும் அரண்மனையும் எழுப்பினான் என்கிறார் புவியியலாளர் ஸ்ட்ராபோ. மக்கள் நினைவில் போர் நடந்த இடம் பாரசீக மண். வெற்றி எளிதில் வந்ததல்ல.

செனபோன்

கிரேக்க எழுத்தாளரான இவரைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சைரஸின் கல்வி பற்றிய இவருடைய நூலில் மீடியர்களோடு போரே இல்லை. சைரஸ் தாத்தா அஸ்டியாஜஸின் மடியில் செல்லமாக வளர்கிறான், மாமன் மகளை மணக்கிறான், மீடியா சீதனமாக வந்து சேர்கிறது. நல்ல அரசன் எப்படி இருக்க வேண்டும் என்று சிந்திக்கிற நூல் அது. அந்த நோக்கத்துக்கு அது உயர்ந்த நூல்தான். கிளர்ச்சியைத் தேடிப் போகிறவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. தவிர, இவரே இன்னொரு நூலில் தன்னை மறுக்கிறார். கி.மு. 401இல் கிரேக்கக் கூலிப்படையோடு டைக்ரிஸ் கரையோரமாக நடந்துவந்தபோது பாழடைந்த பெரிய நகரங்களைப் பார்த்ததாகவும், பாரசீகர்கள் மீடியர்களிடமிருந்து ஆட்சியைப் பறித்த காலத்தில் பாரசீக மன்னன் அவற்றை முற்றுகையிட்டான் என்றும் எழுதியிருக்கிறார். உண்மையில் அவை அசீரியரின் பழைய நகரங்கள். ஆனால் ஆட்சி சண்டையில்தான் கைமாறியது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

களிமண்

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உடைந்த களிமண் பலகை ஒன்று இருக்கிறது. பாபிலோனின் கடைசி மன்னன் நபோனிடஸின் ஆட்சியை ஆண்டுவாரியாகக் குறித்துவைத்த ஆப்பெழுத்துப் பதிவு. ஆறாம் ஆண்டுக்குரிய வரிகளில் இதுதான் செய்தி: அவன் (மீடிய மன்னன்) படையைத் திரட்டிக்கொண்டு அன்ஷானின் அரசன் குராஷை வெல்லப் போனான். இஷ்துமேகுவுக்கு எதிராக அவனுடைய படை கலகம் செய்தது. அவன் சிறைபிடிக்கப்பட்டுக் குராஷிடம் ஒப்படைக்கப்பட்டான். குராஷ் தலைநகர் அகம்தானுவுக்குப் போனான். வெள்ளி, பொன், பொருட்கள் எல்லாவற்றையும் அங்கிருந்து அன்ஷானுக்கு எடுத்துச் சென்றான். குராஷ் என்பது சைரஸ், இஷ்துமேகு என்பது அஸ்டியாஜஸ், அகம்தானு என்பது எக்பட்டனா. இடையில் சில சொற்கள் உடைந்து போயிருக்கின்றன. கனவு இல்லை, முயல் இல்லை, குழந்தை இல்லை. அடுத்த வரியே ஏழாம் ஆண்டு: மன்னர் (நபோனிடஸ்) அரேபியாவில் உள்ள தேமாவில் இருந்தார், பாபிலோனுக்கு வரவில்லை, புத்தாண்டு விழா நடக்கவில்லை. ஒரு பேரரசு விழுந்ததும் ஒரு திருவிழா நின்றதும் ஒரே தொனியில் பதிவாகியிருக்கின்றன. அந்தத் தொனியின் மீதுதான் எனக்கு நம்பிக்கை. யாரையும் வியக்கவைக்க அதற்கு அவசியமில்லை.

நபோனிடஸே எழுதவைத்த இன்னொரு சான்று, சிப்பார் நகரில் கிடைத்த களிமண் உருளை. ஹாரான் நகரில் பாழாகிக் கிடக்கும் நிலாக் கடவுளின் கோயிலை எழுப்பும்படி கனவில் மர்துக் கடவுள் சொல்கிறார். அங்கே மீடியன் சூழ்ந்திருக்கிறானே என்கிறான் மன்னன். அவனும் அவனோடு நிற்கும் அரசர்களும் இல்லாமல் போவார்கள் என்கிறார் கடவுள். மூன்றாம் ஆண்டு பிறந்தபோது, 'அவனுடைய சிறிய ஊழியன்' அன்ஷானின் அரசன் குராஷ் எழுந்து, சிறு படையைக் கொண்டு பெரும் மீடியக் கூட்டத்தைச் சிதறடித்தான் என்கிறது உருளை. நபோனிடஸின் மூன்றாம் ஆண்டு என்றால் கி.மு. 553. பலகையோ 550ஐச் சொல்கிறது. 553இல் எழுச்சி தொடங்கி 550இல் முடிந்தது என்று கொண்டால் இரண்டும் பொருந்துகின்றன. தோற்றும் பின்வாங்கியும் நீண்ட போர் என்ற தெசியாஸின் படமும் அதற்குள் அடங்குகிறது. நான் அப்படியே கொள்கிறேன்.

அந்த 'அவனுடைய' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். யாருடைய ஊழியன்? கடவுள் மர்துக்கின் ஊழியனா, மீடிய மன்னனின் ஊழியனா? வாசகம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, அறிஞர்களும் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். மீடியனின் ஊழியன் என்றால் நடந்தது கிளர்ச்சி. மர்துக்கின் ஊழியன் என்றால் அன்ஷான் தனி அரசு, நடந்தது இரு அரசுகளுக்கு இடையிலான போர். பலகையிலும் சைரஸ் கலகக்காரன் அல்லன், ஓர் அரசன். படையெடுத்து வந்தவன் அஸ்டியாஜஸ். கலகம் என்ற சொல் வருவது மீடியப் படையைப் பற்றிப் பேசும்போதுதான். என் தலைப்பில் இருக்கும் ஒரு சொல்லையே இந்தக் களிமண் கேள்விக்குள்ளாக்குகிறது. மீடியர்களுக்கு உண்மையில் ஒரு பேரரசு இருந்ததா, பல குறுநிலத் தலைவர்களின் தளர்ந்த கூட்டணிதானா என்று கடந்த சில பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் கேட்டுவருவதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். கட்டுக்கோப்பான பேரரசின் படையைவிடத் தளர்ந்த கூட்டணியின் படை எளிதில் கட்சி மாறும்.

களிமண்ணுக்கும் சார்பு உண்டு. நபோனிடஸின் உருளை அவனுடைய கடவுளின் வாக்குப் பலித்ததைக் கொண்டாட எழுதப்பட்டது. ஆண்டுப் பலகையின் இன்றுள்ள படி, பாபிலோன் பாரசீகர் கைக்குப் போன பிறகு எடுக்கப்பட்டது. படையே மன்னனைக் கைவிட்டது என்ற செய்தி வென்றவனுக்கு இனிக்கக்கூடியதுதான். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் பாபிலோனிய எழுத்தரும், அவர் எழுத்தைப் படித்தறியாத ஹெரோடோட்டஸும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: அஸ்டியாஜஸை வீழ்த்தியது அவனுடைய சொந்தப் படை. ஒருவரை ஒருவர் பார்த்து எழுத வழியில்லாத இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகும் இந்த இடத்தைவிட உறுதியான தரை இந்தக் கதையில் எனக்குத் தெரியவில்லை.

யாருக்கு எது

ஆகவே முதுகெலும்பு பலகைதான் என்று முடிவு செய்துவிட்டேன். நிகழ்ச்சிகளின் வரிசை, ஆண்டு, பெயர்கள், முடிவு எல்லாம் அதிலிருந்து. சைரஸ் அஸ்டியாஜஸின் பேரன் என்பதை நான் வரலாறாகச் சொல்லப்போவதில்லை. பாபிலோனில் கிடைத்த சைரஸ் உருளையில் அவன் தன் குலத்தைத் தானே அடுக்குகிறான்: கம்பைசஸின் மகன், சைரஸின் பேரன், தெயிஸ்பஸின் வழிவந்தவன், எல்லாரும் அன்ஷானின் அரசர்கள். தெசியாஸின் ஆடு மேய்ப்பவள் கதையும் இதன் முன் நிற்காது. மீடிய ரத்தம் என்ற பேச்சுக்கு அந்த நாட்டில் மதிப்பு இருந்தது உண்மை. சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து பாரசீக மன்னன் டாரியஸுக்கு எதிராக மீடியாவில் எழுந்த பிரவர்த்திஷ் என்பவன் தன்னைச் சியாக்சரஸின் குலத்தவன் என்று அறிவித்தான் என்று பெஹிஸ்துன் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. பேரன் கதை பிறந்ததும் அப்படியொரு தேவையில்தான் என்று நினைக்கிறேன். வென்றவனை உறவாக்கிக்கொண்டால் தோற்றவர்களுக்கு வலி குறையும், வென்றவனுக்கும் உரிமை கூடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்தால் என் தேர்வு வேறாக இருந்திருக்கும். ஹெரோடோட்டஸையே முன்னால் வைத்து, பலகையைக் கடைசியில் காட்டியிருப்பேன். கதைக்குள் வந்துவிட்ட பிள்ளை சான்றைத் தானே கேட்கும். போர்க்களமும் நிலமும் வேண்டுபவர் நிக்கலாஸின் பகுதியிலிருந்து தொடங்கலாம், தப்பில்லை. தன் பேச்சைத் தானே எழுதிக்கொள்ள நேரமில்லாதவர் ஹெரோடோட்டஸின் முதல் புத்தகத்தில் 95ஆம் பிரிவிலிருந்து 130 வரை எடுத்து வாசித்தால் போதும், ஒரு மணி நேரம் நிறைந்துவிடும்.

எங்கள் வட்டத்தில் வருபவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், நிறையப் படித்தவர்கள். அவர்களிடம் நான் பலகையின் அந்தச் சில வரிகளை எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாக வாசிக்கப் போகிறேன், உடைந்த இடங்களில் நிறுத்தி நிறுத்தி. 'அவனுடைய படை கலகம் செய்தது' என்ற இடம் வந்ததும் பலகையை மூடிவைத்துவிடுவேன். அந்தப் படை ஏன் கலகம் செய்தது என்பதைப் பலகை சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் முயலைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஹார்பகஸின் ஆள் பாரசீகம் நோக்கி நடந்துவருகிறான். அங்கிருந்து ஹெரோடோட்டஸ் பேசட்டும்.